சுட்ட வாத்து, சுடாத வாத்து

உடன்குடி என்றதும் உங்களுக்குக் கருப்பட்டி ஞாபகம் வரும். தப்பில்லை. 2023ல் அதற்குப் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். எனக்கு மட்டும் உடன்குடி என்றால் வாத்து ஞாபகம் வரும். காரணம், என் பெரியப்பா. எலிமென்ட்ரி ஸ்கூல் வாத்தியாராக இருந்து ரிட்டயர்டு ஆனவர். வாத்து சுடப் போனதால்தான் அவருக்கு 'வாத்தியார்' என்று பேர் வந்தது, பள்ளிக்கூடத்தால் அல்ல என்று ஊரில் ஒரு ஜோக் உண்டு. அதை அவர் முன்னால் யாரும் சொல்வதில்லை. பிரம்பு இன்னும் பரண் மேல் இருக்கிறது.

முதலில் குளிர் விவகாரத்தைப் பேசி முடித்துவிடுவோம். உடன்குடியில் குளிரா என்று சிரிக்காதீர்கள். தேரி மணல் காலையிலேயே காலைச் சுடும் ஊர்தான். ஆனால் மார்கழி பின்னிரவில், பனங்காட்டுக்குள்ளிருந்து ஒரு காற்று வரும் பாருங்கள்... தெர்மாமீட்டர் வைத்தால் இருபது டிகிரிக்குக் கீழே போகாது. அதற்கே எங்கள் ஆட்கள் மப்ளர், குரங்குக் குல்லாய், அதற்கு மேல் ஒரு துண்டு என்று விண்வெளி வீரர் மாதிரி நடப்பார்கள். இதே நேரத்தில் சைபீரியாவில் ஏரியெல்லாம் ஐஸ் கட்டி. அங்கே குளிர் தாங்காமல்தான் வாத்துகள் இமயமலையைத் தாண்டி நம்ம பக்கம் வருகின்றன. நாம் நடுங்குவதைப் பார்த்து அவை என்ன நினைக்குமோ!

உடன்குடி வறண்ட பூமி. சடையநேரிக் கால்வாயில் தண்ணீர் வந்தால்தான் எங்களுக்குக் குளம் என்று ஒன்று உண்டு. தாமிரபரணியின் நிஜமான குளங்கள் வடக்கே. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் தென்கால் பாய்ந்து நிரம்புகிற கடம்பாகுளம்தான் அதில் பெரிசு. குரும்பூர் பக்கம் போய்க் கரையில் நின்றால், குளமா கடலா என்று சந்தேகம் வரும். பெரியப்பா செட்டுக்கு அதுதான் வேட்டைக்காடு. உடன்குடியிலிருந்து சைக்கிளில் இரண்டு மணி நேரம், இருட்டோடு இருட்டாக.

செட்டு என்றால் நாலு பேர். பெரியப்பா. ஜவுளிக்கடை வைத்திருந்த பாய் மாமா. ஒரு தையல்காரர். ஒரு பனையேறி. பங்குனிக்கு மேல்தான் பதநீர் சீசன் சூடு பிடிக்கும் என்பதால் மார்கழியில் பனையேறிக்கு வேலை கிடையாது, அவருடைய விடிலியும் சும்மா கிடக்கும். கருப்பட்டி காய்ச்சுகிற தாச்சியில் வாத்துக் கறி வைக்கலாம் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். அதற்காகவே அவரைச் செட்டில் சேர்த்தார்கள். துப்பாக்கி பாய் மாமாவுடையது. அவங்க வாப்பா காலத்து நாட்டுத் துப்பாக்கி.

"லைசென்ஸ் இருந்துச்சா பெரியப்பா?"

"துப்பாக்கிக்கு இருந்துச்சு."

"வேட்டைக்கு?"

இந்த இடத்தில் பெரியப்பாவுக்குக் காது கேட்காமல் போய்விடும்.

சட்ட விவரத்தை நான் சொல்கிறேன். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அப்போதும், வாத்து மாதிரி சில்லறைப் பிராணிகளை லைசென்ஸ் வாங்கிக்கொண்டு சுடலாம் என்று ஒரு சந்து விட்டு வைத்திருந்தார்கள். 1991 திருத்தத்தில் அந்தச் சந்தையும் சுவர் வைத்து அடைத்தாயிற்று. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் பரணிலிருந்து தாத்தா துப்பாக்கியை இறக்க வேண்டாம். ஜெயிலில் வாத்துக் கறி போட மாட்டார்கள்.

நாட்டுத் துப்பாக்கி வேட்டை சினிமாவில் வருகிற மாதிரி டமால் டமால் என்று நடக்காது. குழல் வாய் வழியாகக் கரிமருந்து போட்டு, தேங்காய் நாரைத் திணித்து, ஈய ரவையைக் கொட்டி, மறுபடி நார் வைத்து, கம்பியால் குத்தி, கேப்பு மாட்டி... ஒரு வெடிக்கு இவ்வளவு சடங்கு. முதல் வெடி தப்பினால் இரண்டாவது வெடிக்குத் தயாராவதற்குள் வாத்து கஜகஸ்தான் போய்ச் சேர்ந்துவிடும். பாதி நாள் பனியில் மருந்து நமுத்துப்போய், கேப்பு மட்டும் தீபாவளித் துப்பாக்கி மாதிரி 'டப்' என்கும். வாத்துகள் திரும்பிக்கூடப் பார்க்காதாம். வேட்டைக்கென்று ஒரு நாயை வளர்த்தார்கள். முதல் வெடிச் சத்தத்தில் ஓடியதுதான், நாலாம் நாள் பரமன்குறிச்சியில் ஒரு டீக்கடை வாசலில் படுத்திருந்ததைப் பார்த்தார்கள். கூப்பிட்டும் வரவில்லை. புத்தியுள்ள நாய்.

பட்டால்தான் இன்னும் கஷ்டம். உயிர் போவதற்குள் பிஸ்மி சொல்லி அறுத்தால்தான் பாய் மாமா சாப்பிடுவார். பங்கு வைக்கும்போது துப்பாக்கிக்காரர் பட்டினி கிடக்கலாமா? அதனால் வெடி கேட்டதுமே தையல்காரர் தண்ணீருக்குள் பாய்வார். செட்டிலேயே மெலிந்த ஆள் அவர்தான். ஒரு தடவை உளையில் இடுப்பு வரை இறங்கிவிட்டார். மூன்று பேரும் துண்டை முறுக்கிப் போட்டு இழுத்தார்கள். தையல்காரர் வந்தார், லுங்கி வரவில்லை. ஊருக்கே துணி தைத்துக் கொடுக்கிற மனுஷன், சாக்கைச் சுற்றிக்கொண்டு சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தார். அந்த வாத்து? ஒரு நீலச்சிறகி. இறகோடு நிறுத்தாலும் அரைக் கிலோ தேறாது. நாலு பேருக்கு.

"ருசியாவது இருக்குமா பெரியப்பா?"

"ஊசிவால் நல்லா இருக்கும். தட்டைவாயன் இருக்கே, அதைத் தின்னா குளத்துச் சேத்தை அள்ளித் தின்ன மாதிரி இருக்கும். ஆனா விடிலியில உக்காந்து நாலு பேரா திங்கும்போது அதெல்லாம் தெரியாதுல."

அப்பேர்ப்பட்ட செட்டு 1983 மாசியில் உடைந்தது.

பிசான அறுப்பு தொடங்கியிருந்த நேரம். அறுத்த வயலில் சிந்திய நெல்லைத் தின்ன, வாத்து மேய்ப்பவர்கள் நூற்றுக்கணக்கில் வாத்துகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராக வருவார்கள். இது நாலு பேருக்கும் தெரியும். தெரிந்தும், விடியலில் பனிக்குள் ஒரு கூட்டம் வாத்து மிதப்பதைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிட்டது. அவ்வளவு பக்கத்தில், பறக்காமல், காத்துக்கொண்டிருப்பது போல! பாய் மாமா குறி பார்த்து விட்டார் ஒரு வெடி. சரித்திரத்திலேயே முதல் தடவையாக மருந்து சரியாகப் பிடித்தது. ஏழு வாத்து விழுந்தது. நாலு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்துக் கொண்டிருக்கும்போது, கரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு ஆள் நீளக் கம்போடு ஓடி வந்தார்.

வாத்து ஒன்று பதினைந்து ரூபாய். ஏழுக்கு நூற்றைந்து. பாய் மாமாதான் இடுப்பு பெல்ட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். தலைக்கு இருபத்தாறு ரூபாய் இருபத்தைந்து பைசா. தையல்காரர் இரண்டு சட்டை தைத்துக் கழித்தார். பனையேறி கருப்பட்டியாகக் கொடுத்தார். பெரியப்பா மட்டும் கொடுக்கவில்லை.

"சுட்டது யாரு? நீரு. நான் ஏன் குடுக்கணும்?"

"காட்டுத் தாரா, சுடும்வேன்னு சொன்னது யாரு?"

அவ்வளவுதான். நாற்பத்தோரு வருஷம் பேச்சு இல்லை. எங்கள் ஊர் என்ன பம்பாயா, பார்க்காமல் இருக்க? பஜாருக்குப் போக நேர்வழி பாய் மாமா கடை வாசல்தான். பெரியப்பா இரண்டு தெரு சுற்றிப் போவார். கல்யாணம் காட்சி என்றால் மொய் மட்டும் ஆள் மூலமாகப் போகும், வரும். நடுவில் தையல்காரர் போனார். பனையேறியும் போனார். இரண்டு சாவு வீட்டிலும் இருவரும் திண்ணைக்கு ஒரு முனையில் உட்கார்ந்திருந்தார்கள்.

இதற்கெல்லாம் மூலம் இருபத்தாறேகால் ரூபாய்! ஊர் உலகத்தில் வாத்து சுட்டவர்கள் எப்படியெல்லாம் சுட்டார்கள் தெரியுமா? பரத்பூரில் 1938 நவம்பரில் வைஸ்ராய் லின்லித்கோ பிரபு வந்தபோது ஒரே நாளில் 4,273 பறவை. யாரும் யாருக்கும் பைசா கொடுத்ததாகத் தெரியவில்லை. அதே சமயம் நம்ம வேடந்தாங்கல்காரர்களையும் சொல்ல வேண்டும். ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுகிறார்கள் என்று கலெக்டரிடம் போய் நின்று, 1798லேயே பாதுகாப்புக்கு எழுதி வாங்கிவிட்டார்கள். எங்கள் பக்கம் கூந்தன்குளத்தில் இமயமலை தாண்டி வரித்தலை வாத்து வந்து இறங்குகிறது, பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. 1994ல் அது சரணாலயம் ஆனது, 2022ல் ராம்சர் பட்டியலிலும் ஏறியது. பெரியப்பாவை ஒரு தடவை அங்கே கூட்டிப்போனேன். வாத்தைப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, இது நம்ம பக்கம் வரல" என்றார்.

2011லிருந்து ஒவ்வொரு ஜனவரியும், பொங்கலை ஒட்டி, தாமிரபரணிக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. காலேஜ் பையன்கள், வாத்தியார்கள், பேங்க்காரர்கள் என்று யார் வேண்டுமானாலும் போகலாம். குளம் நன்றாக இருக்கிறதா என்று பறவையை வைத்துத் தெரிந்துகொள்கிற ஏற்பாடு. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டி, குளம் குளமாக உடைந்ததே, அதற்கப்புறம் எனக்கும் போய்ப் பார்க்கணும் போலிருந்தது. 2025 ஜனவரியில் பேர் கொடுத்தேன். ஆனால் எனக்குக் காக்காவையும் மைனாவையும் தவிர வேறு பறவை தெரியாது. பெரியப்பாவைக் கூப்பிட்டேன்.

"எண்ண மட்டுமா?" என்றார் ஏமாற்றமாக. பிறகு குரங்குக் குல்லாயைத் தேட ஆரம்பித்தார்.

காலை அஞ்சு மணிக்கு வேன். பஜாரில் ஒரு நிறுத்தம். காலேஜ் பையன் ஒருவன் ஏறினான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, ஸ்வெட்டர், மப்ளர் சகிதம் பாய் மாமா! பேரன் கணக்கெடுப்பில் சேர்ந்திருக்கிறான், விஷயம் தெரிந்த ஆள் வேண்டுமென்று அவனும் என்னை மாதிரியே யோசித்திருக்கிறான். சத்தியமாக எனக்குத் தெரியாது. பெரியப்பா என்னைப் பார்த்த பார்வையில் பரண் மேல் இருந்த பிரம்பு தெரிந்தது.

குரும்பூர் வரை வேனில் இன்ஜின் சத்தம் மட்டும்தான்.

பாய் மாமாவுக்குக் கண் பாதிக்கு மேல் போய்விட்டது என்பது கரையில் இறங்கியபோதுதான் தெரிந்தது. பேரன் தோளைப் பிடித்தபடி காலால் தடவித் தடவி நடந்தார். பெரியப்பா அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. பனி மூட்டமாக இருந்தது. தலைக்கு மேலே எதுவோ விசில் அடித்தபடி போயிற்று.

"சீழ்க்கைச்சிறகி. ஏழெட்டு இருக்கும்" என்றார் பாய் மாமா அண்ணாந்து பார்க்காமலே. எண்ணிய பேரன், "எட்டு" என்றான்.

வாத்து எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது. பத்து வாத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதிய வைத்துக்கொண்டு, அந்த அளவால் கூட்டத்தைத் துண்டு துண்டாக அளக்க வேண்டும். பி.காம் படித்தவனுக்கு இதைவிடக் கொடுமை கிடையாது. மூன்று தடவை எண்ணினால் மூன்று டோட்டல். பேலன்ஸ் ஷீட்டாவது ஒரு இடத்தில் நிற்கும், இது முங்கி முங்கி எழுந்திருக்கிறது! கடைசியில் தூரத்தில் கறுப்பாக ஒரு பெரிய கூட்டம் தெரிய, பைனாகுலரை வாங்கிப் பார்த்து, "வாத்து! அம்பதுக்கு மேல!" என்று கத்திவிட்டேன்.

பாய் மாமா நிதானமாகச் சொன்னார்: "தம்பி, பக்கத்துல கம்போட யாரும் நிக்கானா, முதல்ல அதைப் பாரு."

இரண்டு செகண்டு அமைதி. பிறகு என் பின்னாலிருந்து பெரியப்பா குரல் வெடித்தது. "இதை அன்னைக்கே சொல்லிருந்தா என்னவே!"

"சொல்ல விட்டீரா நீரு? சுடும்வே சுடும்வேன்னு காதுக்குள்ள வந்து நின்னா?"

"நான் சொன்னா? உமக்கு அப்போ கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு!"

அதற்கப்புறம் கணக்கெடுப்பு எங்கே நடந்தது? 1983ன் எஃப்.ஐ.ஆர். முழுவதும் கடம்பாகுளக் கரையில் வாசிக்கப்பட்டது. பேரன் நோட்டை மூடிவிட்டான். சண்டை நடுவிலேயே பெரியப்பா பைனாகுலரைப் பிடுங்கி அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "இது தாராவே இல்லவே. நாமக்கோழி. நெத்தியில வெள்ளை நாமம் இருக்கு" என்றார்.

"நல்லாப் பாத்துச் சொல்லும். காசு குடுக்க நான் இல்ல" என்றார் பாய் மாமா.

பிறகு பெரியப்பா பார்த்துச் சொல்ல, பாய் மாமா திருத்த, பேரன் எழுதினான். ஊசிவால் நூற்று நாற்பது என்றார் ஒருவர். இவருக்கு எப்பவும் இருபது குறையும், நூற்று அறுபது போடு என்றார் கண் தெரியாத மற்றவர். நாங்கள் மறுபடி எண்ணி நூற்று நாற்பத்தாறு போட்டோம். கரையை விட்டு இறங்கும்போது பாய் மாமாவின் கை பேரன் தோளில் இல்லை, பெரியப்பா தோளில் இருந்தது. எப்போது மாறியது என்று நான் கவனிக்கவில்லை.

குரும்பூரில் சுக்குக் காபி. கருப்பட்டி போட்டது. உடன்குடிச் சரக்குதானா என்று இருவரும் சேர்ந்து கடைக்காரரைக் குறுக்கு விசாரணை செய்தார்கள். நான் என் படிப்பைக் காட்டலாமென்று, இருபத்தாறேகால் ரூபாய்க்கு எட்டுப் பர்சென்ட் கூட்டு வட்டி போட்டால் இன்றைக்கு அறுநூறு சொச்சம் வரும் என்றேன்.

"வட்டி எங்களுக்கு ஹராம் தம்பி. அசலைக் குடுக்கச் சொல்லு உங்க பெரியப்பாவ."

பெரியப்பா சட்டைப் பையைத் துழாவி மூன்று பத்து ரூபாய் நோட்டை எடுத்து மேஜை மேல் வைத்தார். பாய் மாமா விரலால் தடவிப் பார்த்து, மடித்து, பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டார்.

"மீதி மூணே முக்கா ரூபா?" என்றார் பெரியப்பா.

"சில்லறை இல்லவே. அடுத்த தைக்கு எண்ண வருவீருல்ல, அப்ப தாரேன்."