கூரைக்கு உள்ளும் வெளியும்

வட்டுக்கோட்டையிலிருந்து யாழ்ப்பாணப் பட்டணம் ஏறக்குறைய ஏழு மைல். காலைப் பேருந்தில் ஏறி மத்திய பேருந்து நிலையத்தில் இறங்கினால், சந்தையின் இரைச்சல் உடனே காதில் விழுந்துவிடும். ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற பின்னரும் வாரம் ஒருமுறை நாம் அங்கே போய் வருகிறோம். வாங்குவது சிறிது; பார்ப்பது மிகுதி.

ஒரு நாட்டின் நீதியை அறிய விரும்புவோர் நீதிமன்றத்தின் படியேறுவர். சந்தைக்குப் போயும் அதனை அறியலாம் என்பது எமது துணிபு. அங்கே யார் கூரைக்குள் இருக்கிறார், யார் வெளியில் இருக்கிறார், யார் விலை சொல்கிறார், யார் சொன்ன விலைக்குத் தலையாட்டுகிறார் என்று ஒரு நாழிகை நின்று பார்த்தாற் போதும்.

கூரைக்குள்ளே ஓலைப் பெட்டிகளில் ஒடியலும் புழுக்கொடியலும் பனங்கட்டியும் இருக்கின்றன. அப்பால் கருவாட்டின் மணம். மரக்கறிக் கடைகளிலே கத்தரிக்காயும் மிளகாயும் சின்ன வெங்காயமும் குவிந்து கிடக்கின்றன. வெளியிலே, சாக்கை விரித்து, முருங்கைக்காய் நாலைந்து கட்டும் கீரை பத்துப் பிடியுமாக வயது முதிர்ந்த பெண்கள் இருக்கிறார்கள். கடைக்காரர் வாடகை கட்டி நிழல் பெற்றவர். இந்தப் பெண்களுக்கு வாடகை கட்ட வழியில்லை. ஆகவே வெயிலில் இருக்கிறார்கள். வெயில் ஏற ஏறக் கீரை வாடும். வாட வாட விலை இறங்கும். பத்து மணிக்குப் பின் வந்து பேரம் பேசுகிறவர் இதனை நன்கறிவார். நாமும் அறிவோம்.

எமது தந்தையார் தோட்டக்காரர். மிளகாயும் வெங்காயமும் வண்டியிலேற்றிச் சந்தைக்குக் கொண்டு போவார். அந்தர், இறாத்தல் என்று நிறுத்த காலம் அது. 1966ஆம் ஆண்டளவில், எமக்கு ஒன்பது வயதிருக்கும்போது, எம்மையும் கூட்டிச் சென்றார். மூட்டைகளைச் சுமந்து இறக்கியவர் எமது தோட்டத்திலே வேலை செய்த ஒரு பெரியவர். எம்மைவிட முப்பது வயது மூத்தவரை நாம் பெயர் சொல்லி, ஏகவசனத்தில் அழைத்தோம். அதுவே முறையென எமக்குக் கற்பித்திருந்தார்கள்.

திரும்பும் வழியிலே ஒரு தேநீர்க்கடை. தந்தையாருக்கும் எமக்கும் வாங்கில் இருக்கை. கண்ணாடிக் கிளாசில் தேநீர். அவருக்கு வாசலுக்கு வெளியே, கறல் பிடித்த தகரப் பேணியில். குடித்து முடித்தபின் அவரே அதனைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வந்தார். மூன்று தேநீருக்கும் ஒரே விலை. “அவருக்கு ஏன் பேணி?” என்று கேட்க நாம் வாயெடுத்தோம். தந்தையார் ஒரு பார்வை பார்த்தார், தேநீரைக் குடித்தோம். கெட்ட மனிதரல்லர் எமது தந்தையார். நல்லவர்களின் மௌனத்தில்தான் அந்தப் பேணி அத்தனை காலம் நிலைத்தது என்பதைப் பின்னாளில் உணர்ந்தோம்.

சட்டம் இல்லாமலில்லை. பொது இடங்களில் சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பது குற்றமென 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் ஏற்கனவே விதித்திருந்தது. சட்டம் தாளிலிருந்தது, பேணி கடையிலிருந்தது. 1966 ஒக்டோபர் 21 அன்று சுன்னாகத்திலிருந்து பட்டணத்துக்கு ஊர்வலம் புறப்பட்டபோது பொலிசாரின் தடியடி விழுந்தது. ஊர்வலம் கலையவில்லை. அதன்பின் சங்கானையிலும் சாவகச்சேரியிலும் ஒடுக்கப்பட்ட மக்கள் தேநீர்க்கடைகளுக்குள் நுழைந்து, எல்லாரும் இருக்கும் வாங்கிலே இருந்தார்கள். 1968இல் மாவிட்டபுரம் ஆலய வாசலிலும் நின்றார்கள். அப்போராட்டங்களில் இரத்தம் சிந்தியவர்களும் உயிர் கொடுத்தவர்களும் உண்டு. கே. டானியலின் ‘பஞ்சமர்’ 1972இல் நாவலாக வந்தது இந்த அனுபவத்தினின்றுதான். பேணியைக் கடையிலிருந்து அகற்றியது மக்களின் கையே.

ஆசிரியர்களுக்கும் இதில் ஒரு மரபு உண்டு. 1924இல் தோன்றிய மாணவர் காங்கிரஸ், பின்னர் வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்று, சாதிக் கொடுமையை எதிர்த்தது. அதன் முன்னணியில் நின்ற ஹண்டி பேரின்பநாயகம் எமது வட்டுக்கோட்டை யாழ்ப்பாணக் கல்லூரியிலே படிப்பித்தவர். 1930ஆம் ஆண்டளவில் பள்ளிகளிலே சம ஆசனம் வேண்டுமென்றபோது, பள்ளிக் கொட்டில்களுக்கு நெருப்பு வைத்தவர்கள் இருந்தார்கள். அதற்கஞ்சாது படிப்பித்தவர்களும் இருந்தார்கள்.

சந்தையும் நெருப்பைக் கண்டது. 1981 மே 31 இரவு தொடங்கிய பொலிசாரின் வெறியாட்டத்தில் பொது நூலகம் எரிந்தது. பட்டணத்துச் சந்தைக் கடைகளும் எரிந்தன. நூலகத்தில் அழிந்த ஏறக்குறைய 97,000 நூல்களுக்காக உலகம் அழுதது, அது தகும். கடையோடு கல்லாவும் கடன் கொப்பியும் எரிந்து நடுத்தெருவில் நின்றவர்களைப் பற்றிப் பேசியோர் குறைவு.

மற்றவர் செய்த கொடுமையைச் சொல்வது எளிது. எம்மவர் செய்ததையும் சொல்லவேண்டும். 1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாணப் பட்டணத்து முஸ்லிம் மக்களை இரண்டு மணி நேரத்துள் வெளியேறும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டணத்தில் வாணிபம் செய்தவர்கள் கடைச் சாவியோடு போனார்கள். அடுத்த வாரம் நாம் பட்டணம் போனபோது பூட்டிய கதவுகளைக் கடந்து நடந்தோம். வாய் திறக்கவில்லை. அச்சம் இருந்தது மெய். அச்சம் ஒன்றே காரணமென்றால் அது முழு மெய்யாகாது. ஒன்பது வயதிற் பழகிய மௌனம் எம்மைவிட்டுப் போயிருக்கவில்லை.

இனி அண்மையில் நடந்த ஒன்று. குடாநாட்டுச் சந்தைகளில் ‘பத்து வீதக் கழிவு’ என்றொரு வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருவதைத் தோட்டக்காரர் அறிவர். விவசாயி நூறு கிலோ கொண்டு வந்தால் தொண்ணூறு கிலோவுக்கே பணம். அழுகல், சேதம், நிறை குறைவு என்று காரணம் சொல்லப்படும். சேதமில்லாத மூட்டைக்கும் அதே கழிவுதான். வாங்கியுண்பவருக்கு அந்தப் பத்துக் கிலோ மலிவாகக் கிடைப்பதுமில்லை. இதனை நிறுத்தவேண்டுமென்று கூட்டங்களில் பேசப்பட்டிருக்கிறது, விவசாயிகள் முறையிட்டிருக்கிறார்கள்.

எமது பழைய மாணவர் ஒருவர் கத்தரிக்காய் கொண்டு போனார். நாமும் உடன் சென்றோம். எந்தச் சந்தை என்பது இங்கு வேண்டியதில்லை. நிறுத்தார்கள், கழித்தார்கள். “கழிச்சதைத் துண்டிலை எழுதித் தாங்கோ” என்றார் மாணவர். “விருப்பமில்லாட்டிக் கொண்டு போங்கோ” என்று பதில் வந்தது. பறித்த கத்தரிக்காயை எங்கே கொண்டு போவது? எம்மை இருவரும் பார்த்தார்கள். நாம் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

வெளியில் வந்ததும் மாணவர் சொன்னார்: “சேர், நீங்கள்தானே எங்களுக்குக் கணக்குப் படிப்பிச்சனீங்கள்?”

அவர் குரலில் கோபமில்லை. அதனாலேயே அது தைத்தது. பத்து முறை மூட்டை கட்டிச் சுமந்தால் ஒரு முறை முழுவதும் இனாம். நாற்பது ஆண்டுகள் கரும்பலகையில் வீதக் கணக்கு எழுதியவர் நாம். இந்தக் கணக்கை ஒருநாளும் எழுதவில்லை.

அன்றிரவு ஒரு கொப்பியை எடுத்துத் திகதி, நிறை, கழிவு, விலை என்று நான்கு கோடுகள் இழுத்தோம். மறுவாரம் மாணவரின் அயலிலுள்ள தோட்டக்காரர் சிலர் தங்கள் கணக்கையும் அதிலே எழுதுவித்தார்கள். கொப்பி நிறையட்டும், உரியவர்களின் மேசைக்கு எல்லாருமாகக் கொண்டு போவோம். தராசைப் பிடித்தவரும் பெரும்பாலும் கடன்பட்டுத் தொழில் செய்பவரே. அவரைப் பகைப்பது எமது நோக்கமன்று. வழக்கத்தை மாற்றுவதே நோக்கம்.

ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே! உங்கள் ஊரிலும் ஒரு சந்தை இருக்கும். ஒரு காலை அங்கே போய் நில்லுங்கள். கையில் கொப்பியும் கொண்டு போங்கள். நாம் அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் போகிறோம். தராசடியில் நிற்கும்போது, இம்முறை, வாய் திறப்போம்.