தாத்தாவுக்கே புரியாத புத்தகம்

உ.வே.சாமிநாதையர் என்றதும் தலைப்பாகையும் ஓலைச்சுவடியும் ஞாபகத்துக்கு வந்து, 'நமக்கெதுக்குப்பா' என்று நழுவுகிறவரா நீங்கள்? பி.காம். படித்த நானும் அந்தக் கட்சிதான். பெரம்பலூர் பக்கம் போனபோது, குன்னம் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்ததும் கூச்சம் குறைந்தது. குன்னத்திலும் அரியலூரிலும் அவர் சிறுவனாகத் தமிழ் படித்தவர்.

அவருடைய 'என் சரித்திரம்' 1940-ல் ஆனந்த விகடனில் தொடங்கிய வாராந்தரத் தொடர். 122 அத்தியாயங்கள். முதல் பக்கத்திலிருந்துதான் படிக்கணும்னு யாரும் கேஸ் போட மாட்டார்கள். அரியலூர் அத்தியாயங்களில் ஆரம்பியுங்கள். சங்கீதத்தை நம்பி ஊர் ஊராகப் போகும் அப்பா, நல்ல வாத்தியாரைத் தேடும் பிள்ளை. நம்ம வீட்டுக் கதை மாதிரியே இருக்கும்.

அவருக்கும் இந்தப் பயம் வந்தது. மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் படித்து, கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரும் ஆகிவிட்டார். 1880-ல் சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. சுவடியைப் பிரித்தால் புரியவும் இல்லை. மூடி வைத்துவிடவில்லை மனிதர். உள்ளூர் ஜைனர்களிடம் போய்க் கேட்டுக் கேட்டுப் படித்தார். 1887-ல் அச்சாகிப் புத்தகமே வந்துவிட்டது.

தமிழ்த் தாத்தாவே கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். நமக்கு நாலு பக்கம் புரியாவிட்டால் குடியா முழுகிவிடும்? தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு, அடுத்த பக்கத்தைப் புரட்டுங்க சார்!