மேசையைச் சுற்றி ஐவர்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணம் செய்து பார்" என்றனர் நம் முன்னோர். பலர் கூடிக் கட்டும் கட்டடத்தின் தொல்லையை அவர்கள் கூறிச் சென்றாரில்லை. வடநாட்டில் முப்பது ஆண்டுகள் கட்டடப் பொறியாளனாக உழைத்து ஓய்வு பெற்றவன் நான். நெடுநாளாக நெஞ்சில் கிடக்கும் ஒரு நிகழ்ச்சியை நம் சங்க அன்பர்களிடம் சொல்லிவிட விரும்புகிறேன்.

1997ஆம் ஆண்டு, தில்லிக்கு அருகே ஒரு மருத்துவமனை எழும்பிக்கொண்டிருந்தது. கட்டடக் கலைஞர், தூண்களையும் உத்தரங்களையும் கணக்கிடும் பொறியாளர், ஒப்பந்தக்காரர், குழாய் வேலைக்காரர், உரிமையாளரின் சார்பில் மேற்பார்வையிடும் நான் என ஐவரும் வாரந்தோறும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து தேநீர் அருந்துவோம். ஆனால் ஒவ்வொருவருடைய ஒப்பந்தமும் வேறு. ஒருவருக்கு இலாபமாவது மற்றவருக்கு நட்டமாகும்.

மூன்றாம் மாடிக்குக் காங்கிரீட் போட்டு முடிந்த பின்னரே, கழிவுநீர்க் குழாயின் வழியில் ஓர் உத்தரம் குறுக்கே நிற்பது தெரிந்தது. உத்தரத்தைத் துளைக்க வேண்டும் என்றார் குழாய்க்காரர். கம்பி அறுபட்டால் உத்தரம் வலுவிழக்கும், கையெழுத்திட மாட்டேன் என்றார் பொறியாளர். குழாயைக் கீழே இறக்கினால் கூரையின் உயரம் குறையும் என்று மறுத்தார் கலைஞர். எது செய்தாலும் பணம் யார் தருவது என்றார் ஒப்பந்தக்காரர். பேச்சு நின்றது, கடிதங்கள் பறந்தன. வேலையின்றிப் போகவே, நாட்கூலிக்காரர்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினர்.

இறுதியில், துளை விடாமல் காங்கிரீட் போட்டார் என்று பழி மேஸ்திரியின் தலையில் விழுந்தது. அவர் சேலத்துக்காரர். அவ்வேலையிடத்தில் நான் தமிழ் பேச வாய்த்த ஒரே மனிதர். கணக்குத் தீர்த்து அனுப்பியபோது என்னிடம் வந்து, "ஐயா, என் கையிலிருந்த படத்தில் துளையே இல்லை. இருந்தால் விடாமல் இருப்பேனா?" என்று கேட்டார். நான் விடை கூறவில்லை.

அன்றிரவு என் மேசை அறையைத் துழாவினேன். துளையும் அதைச் சுற்றி இட வேண்டிய கூடுதல் கம்பியும் குறிக்கப்பட்ட திருத்திய வரைபடம் அங்கே கிடந்தது. காங்கிரீட் போடுவதற்குப் பதினொரு நாட்களுக்கு முன்பே பெற்றுக்கொண்டதாக என் கையெழுத்தும் அதில் இருந்தது. நான்தான் அனுப்ப மறந்திருந்தேன்.

மேலதிகாரியிடம் கூறினேன். "வாயைத் திறவாதீர், தவறு நம்முடையது என்றால் ஒப்பந்தக்காரர் இழப்பீடு கேட்பார்" என்றார். இரண்டு நாள் வாய் மூடியிருந்தேன். மூன்றாம் நாள் கூட்டத்தில் வரைபடத்தை மேசைமேல் வைத்து உண்மையைச் சொன்னேன். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு பழிக்கு அஞ்ச வேண்டிய தேவை எவருக்கும் இல்லாமற் போயிற்று. குழாயை அடுத்த சுவரோரத்துக்குத் திருப்பலாம் என்று ஒரு மணி நேரத்துக்குள் வழி பிறந்தது. அதைச் சொன்னவர் குழாய்க்காரரே! முன்பே தெரியும் என்றும், சொன்னால் செலவு தம் தலையில் விழும் என்று அஞ்சியதாகவும் பின்னர் கூறினார்.

இலண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம் 2008இல் திறக்கப்பட்டது. அதைக் கட்டியபோது இடர்ப் பொறுப்பை உரிமையாளரே ஏற்று, குறையைத் தீர்ப்பதையே அனைவருக்கும் பொதுக் கடமையாக்கினர் என்று பிற்காலத்தில் படித்தேன். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எத்தகைய ஒப்பந்தமாயினும், "தவறு என்னுடையது" என்று முதலில் சொல்ல ஒருவன் வேண்டும்.

என் பதவி உயர்வு ஈராண்டு தள்ளிப்போயிற்று. அதில் எனக்கு வருத்தமில்லை. மேஸ்திரியைத் திரும்ப அழைக்க எண்ணி அவருடைய முகவரியைத் தேடினேன். கூலிப் பட்டியலில் பெயரும் கைநாட்டுமே இருந்தன. நான் வாய் மூடியிருந்த அந்த இரண்டு நாட்களில் அவர் ரயிலேறிப் போயிருந்தார்.