எங்க வீட்டு வைஃபையும் எதிர்வீட்டுத் திண்ணையும்

சாயங்காலம் ஏழரை ஆச்சுன்னா எங்க வீட்டுல ஒரு சத்தம் கேட்கும். "அப்பா, மறுபடியும் நெட்டு போச்சு!" பொண்ணு சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். அவளுக்கு முக்கியமான மீட்டிங் எல்லாம் ராத்திரியில்தான். பகலெல்லாம் நல்லா ஓடுற நெட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு மட்டும் திக்கித் திணறும்.

கேபிள் போட்டுக் கொடுத்தவருக்கு நாலு தடவை போன் போட்டேன். "லைன் நல்லாத்தான் இருக்குண்ணே, உங்க வீட்டுல எத்தனை பேர் யூஸ் பண்றாங்கன்னு பாருங்க"ன்னு சொல்லிட்டார். அந்த ஒரு வார்த்தை மனசுல முள்ளு மாதிரி நின்னுருச்சு. யாரோ நம்ம நெட்டை எடுக்குறான்னு முடிவே பண்ணிட்டேன்.

ரௌட்டருக்குன்னு ஒரு பக்கம் இருக்கு, அதை பிரவுசரில் திறக்கலாம்னு பொண்ணுதான் சொன்னாள். வைஃபையில் இருந்துக்கிட்டு, மேலே முகவரி அடிக்கிற இடத்துல 192.168.1.1 என்று போட்டால் போதும். சில பெட்டிக்கு 192.168.0.1 ஆக இருக்கும். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் ஸ்டிக்கரில் போட்டிருக்கும். 'பாதுகாப்பானது அல்ல' என்று பிரவுசர் பயமுறுத்தும். அந்தப் பக்கம் இணையத்தில் எங்கேயோ இல்லை, நம்ம வீட்டுப் பெட்டிக்குள்ளேயே இருக்கு. எண் சரிதானான்னு பார்த்துட்டு உள்ளே போகலாம்.

உலகம் முழுக்க எல்லா வீட்டுக்கும் எப்படி ஒரே எண்ணுன்னு எனக்கு சந்தேகம். பிறகுதான் புரிஞ்சது. எங்க பக்கம் எந்த ஊருக்குப் போனாலும் ஒரு மேலத்தெரு இருக்கும். அந்த ஊருக்குள்ள நின்னுக்கிட்டு 'மேலத்தெரு மூணாவது வீடு'ன்னா ஆள் வந்து சேர்ந்துருவார். காரைக்குடி தபாலாபீசில் அதை மட்டும் எழுதிப் போட்டால் எங்கேயும் போகாது. அதே மாதிரி, வீட்டுக்குள்ளே மட்டும் செல்லுபடியாகணும்னு சில எண் வரிசைகளை 1996-லேயே ஒதுக்கி வச்சிட்டாங்க. 192.168 அதில் ஒன்று. வெளியுலகத்துக்கு நம்ம வீடு மொத்தத்துக்கும் பெரும்பாலும் ஒரே முகவரிதான். உள்ளே யார் எதைக் கேட்டாங்கன்னு கணக்கு வச்சு, வந்ததைச் சரியான ஆளுக்குப் பிரிச்சு விடுறது அந்தப் பெட்டி. கண்மாய்க்கு மடை மாதிரி. தண்ணீர் எல்லாம் ஒரு மடையில்தான் வெளியே வரும்; எந்த வாய்க்காலுக்கு எப்பன்னு பார்த்து விடுறவர் நீர்பாய்ச்சி.

உள்ளே போகப் பெயரும் பாஸ்வேர்டும் கேட்டது. இரண்டுக்கும் 'அட்மின்' என்று அடித்தேன். திறந்துக்கிச்சு! போட்டுக் கொடுத்த நாளிலிருந்து யாரும் மாத்தவே இல்லை. மடைச் சாவியை மடையிலேயே தொங்கவிட்ட கதை. 2016-ல் 'மிராய்' என்று ஒரு கிருமி நிரல் வந்தது. கம்பெனி போட்டுக் கொடுக்கிற இந்த மாதிரி பெயர், பாஸ்வேர்டு அறுபது சொச்சத்தைக் கையில வச்சுக்கிட்டு, ஊர் உலகத்துல இருந்த கேமராவையும் ரௌட்டரையும் லட்சக்கணக்கில் பிடிச்சது. அந்த வருஷம் அக்டோபர் 21 அன்று டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் எல்லாம் பல மணி நேரம் தடுமாறினதுக்கு அப்படிப் பிடிபட்ட பெட்டிகளும் காரணம். அதனால முதல் வேலையா அந்த பாஸ்வேர்டை மாத்தி, பஞ்சாங்கத்தின் பின் அட்டையில் எழுதி வச்சேன். வெளியூரிலிருந்து இந்தப் பக்கத்தைத் திறக்கிற வசதி ஒன்று இருந்தது, அதையும் அணைச்சேன். பொத்தானை அமுக்கினா பாஸ்வேர்டு இல்லாமலே சேர்க்கிற டபிள்யூபிஎஸ், அதுவும் அணைஞ்சது.

இணைப்பு விவரம் என்ற பகுதியில் கண்ணாடி இழையில் வர்ற வெளிச்சத்தின் அளவு இருந்தது. மைனஸ் 21 டிபிஎம். மைனஸ் 27-க்குக் கீழே போனால்தான் இழை மடங்கியிருக்கு, அணில் கடிச்சிருக்குன்னு சந்தேகப்படணும். ஆக, கேபிள்காரர் சொன்னது நிஜம். லைன் நல்லாத்தான் இருந்தது.

அடுத்து, இணைந்திருக்கிற கருவிகளின் பட்டியல். பத்து! எங்க வீட்டுல எண்ணினா எட்டுதான். ஒவ்வொரு கருவிக்கும் இரண்டிரண்டு எழுத்தா ஆறு ஜோடி அடையாள எண் இருக்கும். நோட்டு எடுத்து, ஒவ்வொரு போனிலும் செட்டிங்கைத் திறந்து எண்ணைப் பார்த்து எழுதி, பட்டியலோடு ஒப்பிட்டேன். மூணு எண்ணுக்கு ஆள் தெரியலை. மூணையும் தேர்ந்தெடுத்து, 'தடை செய்' என்பதை அழுத்திட்டேன். அன்னைக்கு ராத்திரி நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுத்தான் படுத்தேன்.

அரை மணி நேரத்துல பொண்ணு கத்தினாள். தடை செஞ்ச மூணில் ஒன்று அவள் போன். புது போன்கள் தங்களோட சொந்த எண்ணைக் காட்டாமல், அந்தந்த வைஃபைக்குன்னு ஒரு மாற்று எண்ணைக் காட்டுமாம். நான் நோட்டுல எழுதினது ஒன்று, ரௌட்டர் பார்த்தது வேறொன்று. அவளை மட்டும் விடுவிச்சேன். மத்த இரண்டும் திருட்டுதான்னு உறுதியா நம்பினேன்.

மறுநாள் ஏழரைக்கு, "அப்பா, மறுபடியும் போச்சு!"

கோபத்துல எல்லாத்தையும் அழிச்சுப் புதுசா வைக்கலாம்னு, பெட்டியின் பின்னாடி இருந்த சின்னத் துளையில் ஊசியை விட்டுப் பத்து விநாடி அமுக்கினேன். நல்லா அழிஞ்சது, கேபிள்காரர் போட்டு வச்சிருந்த இணைப்புப் பெயரும் சேர்ந்து போயிருச்சு. ஒரு பகல் முழுக்க நெட்டே இல்லை. அவர் வந்து மறுபடி போட்டுக் கொடுத்தார். நீங்களும் ரீசெட் துளைப் பக்கம் போகாதீங்க. போகணும்னா, முதல்ல அமைப்பை ஒரு நகல் எடுத்து வச்சுக்கங்க. அதுக்கும் அந்தப் பக்கத்துலேயே வழி இருக்கும். மறுபடியும் பாஸ்வேர்டு மாத்தி, மறுபடியும் அந்த இரண்டு எண்ணையும் தேடித் தடை போட்டேன். அவ்வளவு வைராக்கியம்.

நாலாம் நாள் காலையில் மாட்டுக்குத் தண்ணி வச்சுக்கிட்டு இருக்கேன். எதிர்த்த வரிசையில் இருக்கிற புள்ளை, கைக்குழந்தையோட வந்து அம்மாகிட்ட தயங்கித் தயங்கிக் கேட்குது.

"பெரியம்மா, உங்க வீட்டு நெட்டு கெட்டுப் போச்சா? மூணு நாளா போனு எடுக்க மாட்டேங்குது."

அது புருஷன் சிங்கப்பூரில் கட்டட வேலை. வேலை முடிச்சு, சாப்பிட்டு, அவங்க நேரம் பத்து மணிக்குக் கூப்பிடுவார். நமக்கு ஏழரை. இந்தப் புள்ளை போனில் ரீசார்ஜ் முடிஞ்சு இரண்டு மாசம் ஆச்சு. வைஃபை கிடைச்சா வாட்ஸ்அப் மட்டும் ஓடும். எங்க வீட்டுக்கு எதிரே பூட்டிக் கிடக்கிற செட்டியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தினமும் பேசியிருக்கு. எங்க சிக்னல் அந்த வீட்டுக்குள்ள நுழையாது. அடுத்தடுத்துக் கனமான செங்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு. ஒரு தடவை அவங்க வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவங்க முகப்பில் ரௌட்டரை வச்சுட்டு, இரண்டாம் கட்டுல ஒரு புள்ளி கூட வரலைன்னு தவிச்சதைப் பார்த்திருக்கேன். ஆனா தெருவைத் தாண்டித் திண்ணை வரைக்கும் நல்லா வரும்.

அந்த மூணு நாளில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்து, காரைக்குடிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கு. கடைசியா அது கிட்டயிருந்து போன சேதி, 'புள்ளைக்கு உடம்பு சுடுது' என்பது. அதுக்கு அப்புறம் ஒண்ணும் இல்லை. அந்தப் பையன் அங்கே சாரத்துல நின்னுக்கிட்டு என்ன நினைச்சிருப்பான்? மூணாம் நாள் ராத்திரி ஊர்க் கடைக்காரருக்கு சாதாரண போனில் கூப்பிட்டு, "என் வீட்டுல போய்ப் பாருங்கண்ணே"ன்னு அழுதிருக்கிறான்.

"பாஸ்வேர்டு யாரு குடுத்தா?"ன்னு அம்மாவைக் கேட்டேன்.

"நாந்தான். பெட்டிக்கு அடியில ஒட்டியிருந்துச்சு, எடுத்துக்கத்தான்னேன். மூலை வீட்டுப் பயலுக்கும் குடுத்தேன், பன்னெண்டாவது படிக்கிறான். கேட்ட புள்ளையை இல்லைன்னா சொல்றது?"

ஆக, இரண்டு திருடர்களும் கிடைச்சாச்சு. என் வாயில் பேச்சு வரலை. நான் தடை செஞ்சேன்னு அந்தப் புள்ளைகிட்ட உடனே சொல்லவும் தைரியம் வரலை. உள்ளே போய்த் தடையை எடுத்து, புது பாஸ்வேர்டை அது போனில் நானே போட்டுக் கொடுத்துட்டு, பிறகு சொன்னேன். "நான்தான் ஆத்தா தெரியாம நிறுத்திட்டேன்." அது சிரிச்சுது. "பரவாயில்லண்ணே, கேட்டுட்டே எடுத்திருக்கணும் நான்." அது இன்னும் சுருக்குனு இருந்துச்சு.

அப்ப ஏழரை மணிக்கு நெட்டைத் தின்றது யாரு? அன்னைக்கு ராத்திரி அதே பக்கத்துல, ஒவ்வொரு கருவியும் எவ்வளவு அனுப்புது, எவ்வளவு வாங்குதுன்னு காட்டுற பகுதியைத் திறந்து வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். எல்லா ரௌட்டரிலும் இது இருக்காது. எங்க பெட்டியில் இருந்தது. வெளியே அனுப்புற கணக்கில் ஒரே ஒரு போன் தாறுமாறா ஏறிக்கிட்டே போச்சு. எண்ணைப் பார்த்தா, என் போன்! பகலெல்லாம் வயலில் நின்னு இந்தப் பதிவுகளுக்காக வீடியோ எடுப்பேன். ஏழு மணிக்கு வீடு வந்ததும் போன் தானா வைஃபையில் சேர்ந்து, எடுத்ததை எல்லாம் மேகக் கிடங்குக்கு ஏத்த ஆரம்பிச்சிருது. கூடவே மாட்டுக்கொட்டகைக் கேமராவும் நாள் முழுக்க ஏத்திக்கிட்டே இருக்கு. போற வழி அடைச்சுக்கிட்டா வீடியோ பேச்சு திக்கத்தானே செய்யும். நீங்க படிக்கிற இந்த வலைப்பூதான் என் பொண்ணோட மீட்டிங்கைக் கெடுத்திருக்கு.

வீடியோ ஏத்துற நேரத்தை நடுராத்திரிக்கு மாத்தினேன். கேமரா, ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் அனுப்பும்படி வச்சேன். டிவிக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்த ரௌட்டரை எடுத்து உயரமா மாடத்துல வச்சேன். பொண்ணு அறை பக்கத்துலேயே இருப்பதால் 5 கிகாஹெர்ட்ஸில் சேர்த்தேன். அது வேகம், ஆனா சுவர் தாண்டாது. தூரத்துக்கு 2.4.

கடைசியா விருந்தினர் வைஃபை என்று ஒன்றைத் திறந்தேன். அதில் சேர்றவங்களுக்கு இணையம் மட்டும் கிடைக்கும். எங்க கேமராவையோ, ரௌட்டர் பக்கத்தையோ, எங்க கம்ப்யூட்டரையோ தொட முடியாது. வேகத்துக்கு ஒரு அளவும் வச்சேன். பாஸ்வேர்டு இதுக்கும் உண்டு. இணைப்பு என் பேரில் இருக்கு, யார் என்ன பண்ணினாலும் கேள்வி என் வாசலுக்குத்தான் வரும். அதனால தெரிஞ்ச முகத்துக்கு மட்டும். பேரு வைக்கச் சொல்லிக் கேட்டது. 'திண்ணை'ன்னு வச்சேன்.

பங்குனியில் கண்மாய் வத்தினா முறை வச்சுத் தண்ணி விடுவோம். என் முறையில் அடுத்தவன் வாய்க்காலை வெட்டினா விடமாட்டேன், சண்டைக்குப் போவேன். ஆனா மடையை அடைக்கிறதுக்கு முன்னாடி, வரப்புல நடந்து போய், கடைசி வயல் வரைக்கும் யார் நட்டிருக்கான்னு பார்ப்போம். இந்த மடைக்கு அதைச் செய்யத் தோணலை. உட்கார்ந்த இடத்துல விரலால் அடைச்சுட்டேன்.

பொங்கலுக்கு ஊருக்கு வர்றவங்க, அப்பா அம்மா வீட்டு ரௌட்டர் பக்கத்தை ஒரு தடவை திறந்து பாருங்க. அட்மின் பாஸ்வேர்டை மாத்திக் கொடுத்துட்டுப் போங்க. பட்டியலில் தெரியாத பேர் இருந்தா, அழுத்துறதுக்கு முன்னாடி அம்மாவை ஒரு வார்த்தை கேளுங்க.

இதை எழுதும்போது மணி எட்டாகப் போகுது. பொண்ணு மீட்டிங்கில் இருக்கிறாள். எதிர்த் திண்ணையில் அந்தக் குழந்தை போன் திரையைப் பிடிச்சு இழுக்குது. காய்ச்சல் விட்டாச்சு.