ஆமைத் தடம்

அப்பா மணலில் விரலால் ஒரு கோடு இழுப்பார். "இது ஏரி, இது முகத்துவாரம், பாரும்மா." பழவேற்காட்டில் பாடு என்றொரு வழக்கம் உண்டு. இன்ன நாளில் இன்னார் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று முறைவைத்து மீன் பிடிப்பார்கள். அந்தக் கணக்கை அப்பா எனக்கு விளக்கியது மணலில்தான். கோடு தப்பினால் உள்ளங்கையால் ஒரு தடவு, மறுபடி இழுப்பார்.

பள்ளிக்கூடத்தில் நோட்டு வந்தது. அதில் கோடு கோணினால் ரப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளே ஓட்டையாகும். படம் என்றாலே பயப்படும் பிள்ளையானேன். அந்தப் பயத்தோடேயே டீச்சரும் ஆனேன்.

ஆசிரியர் பயிற்சியின்போது ஆண்ட்ரூ பெல்லைப் பற்றிப் படித்தேன். 1789-ல் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியின் பொறுப்பை ஏற்றவர். சென்னையில் நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அப்படியே செய்தார். 1797-ல் லண்டனில் அவர் அச்சிட்ட சிறுநூலோடு மணல் எழுத்தும் அடங்கிய அவரது 'மெட்ராஸ் முறை' கடல் தாண்டியது. அப்பாவின் மணல் அங்கேயும் போயிருக்கிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அரசு எங்களுக்கு டேப் கொடுத்தபோது அந்த மணல்தான் நினைவுக்கு வந்தது. காட்டுப்பள்ளிப் பக்கத்திலிருந்து என் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அதன் கண்ணாடித் திரையைத் தொடத் தயங்கவே இல்லை. 2002-ல் வெளிவந்த டக்ஸ் பெயின்ட் என்ற இலவச ஓவியச் செயலியைத் திறந்து வைத்தேன். போட்ட கோட்டைத் திரும்ப எடுக்க அதில் ஒரு பொத்தான் உண்டு. அதைக் கண்டுகொண்டதும் வகுப்பில் யாரும் ரப்பர் கேட்கவில்லை.

மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கரையை வரைந்து, அதில் சின்னச் சின்ன வளைவுகள் போட்டாள். பங்குனி ஆமை. தை, மாசி இரவுகளில் முட்டையிடக் கரையேறும். விடிந்தால் தடம் மட்டும் கிடக்கும். உதவலாமே என்று, ஒரு பக்கம் வரைந்தால் மறுபக்கமும் தானாக விழும் கருவியைக் காட்டினேன். இரண்டு கோடு போட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள்.

"ரெண்டு கையும் ஒண்ணாப் போவாது டீச்சர். ஒண்ணு முன்னால, ஒண்ணு பின்னால."

சொன்னதோடு நிற்கவில்லை. தரையில் குப்புறப் படுத்து, வலக்கை, இடக்கை என்று மாற்றி மாற்றி ஊன்றி ஊர்ந்து காட்டினாள். பங்குனி ஆமை அப்படித்தான் நடக்கும். பேராமை இரண்டு துடுப்பையும் ஒருசேர வீசித் தள்ளும். தடத்தைப் பார்த்தே எந்த ஆமை வந்து போனது என்று சொல்லிவிடலாம்.

1967-ல் லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கியவர்களில் ஒருவர் சீமோர் பேப்பர்ட். அதில் கோடு போடும் எந்திரத்துக்குப் பெயரே ஆமை. அது எப்படித் திரும்பும் என்று தெரியாவிட்டால் நீயே ஆமையாகி நடந்து பார் என்பது அவர் பிள்ளைகளுக்குக் காட்டிய வழி. அவர் பெயரைக் கேட்டிராத சிறுமி என் வகுப்பின் சிமென்ட் தரையில் ஊர்ந்துகொண்டிருந்தாள்.

மறுபக்கம் தானாக விழும் அந்தக் கருவியை நிறுத்தினேன். வலம் ஒன்று, இடம் ஒன்று என்று அவளே போட்டாள். ஒரு வளைவு தப்பியது. பொத்தானைத் தொடாமல், பழக்கத்தில் உள்ளங்கையால் திரையைத் தடவினாள். அப்பாவின் கை அது.

மணி அடித்தது. "முடிஞ்சுதா?" என்றேன்.

"இது கடலுக்குத் திரும்பிப் போற தடம் டீச்சர். வந்த தடம் இன்னும் வரையல."

அடுத்த பாடவேளையையும் அவளுக்கே விட்டேன்.