பள்ளிவாசல் தெருவில் ஒரு வீடு

பெரியோர் பிறந்த இல்லங்களைத் தேடிச் சென்று காணும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில், ஆபிரகாம் லிங்கன் பிறந்த நிலத்தில், கல்லாலும் பளிங்காலும் ஒரு மண்டபம் எழுப்பி, அதனுள்ளே அவர் பிறந்த குடிலை நினைவூட்டும் சிறு மரக்குடில் ஒன்றை வைத்துக் காத்து வருகின்றனர். அதனைக் காண்போர், 'இத்துணைச் சிறிய குடிலிலிருந்தா அத்துணைப் பெரிய மனிதர் தோன்றினார்!' என்று வியந்து திரும்புகின்றனர். அவ்வியப்பு நல்லதே. ஆயினும், வீடு சிறிதாயிருந்தது என்பதை அறிவதற்காக மட்டுமா ஒரு வீட்டைக் காக்க வேண்டும்? இவ்வினாவுக்கு ஒரு விடை எமக்குக் கிடைத்தது இராமேசுவரத்தில். இந்தியக் குடியரசின் பதினோராவது தலைவராக 2002 முதல் 2007 வரை விளங்கிய டாக்டர் ஏ. பி. ஜே. அப்துல் கலாம் அவர்களின் இல்லத்தைக் காணச் சென்றபோது அது நிகழ்ந்தது.

தேயிலை மலையிலே பிறந்து, அட்டனில் ஆசிரியப் பணி புரிந்து வரும் எமக்கு இராமேசுவரம் காணாத ஊரேயன்றிக் கேளாத ஊரன்று. அவ்வூர் மண்ணை மிதித்துத்தான் எம் அன்னையாரின் தந்தையார் சிறு பையனாக இந்த நாட்டுக்கு வந்தார். ஆகவே, 2025 ஆம் ஆண்டு ஆகஸ்ட் விடுமுறையில் நாம் குடும்பத்தோடு புறப்பட்டபோது, எழுபது வயதைக் கடந்த அன்னையாரும் உடன் வந்தார். தலைமன்னார் முனையில் நின்றால் தனுஷ்கோடி முனை ஏறக்குறைய 30 கிலோமீற்றர் தூரந்தான். ஆனால் அக்கடலைக் கடக்க இன்று பயணக் கப்பல் இல்லை. கொழும்பிலிருந்து வானூர்தியில் மதுரை சென்று, அங்கிருந்து 160 கிலோமீற்றர் புகைவண்டியில் சென்றே அந்த எதிர்க்கரையை அடைந்தோம்.

வண்டி மண்டபத்தை நெருங்கியபோது அன்னையார் சாளரத்தின் பக்கம் நகர்ந்து அமர்ந்தார். மண்டபம் முகாம் என்பது மலையக மக்கள் வரலாற்றில் மறக்கவொண்ணாத பெயர். இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்லவிருந்த தொழிலாளரை நோய்த்தடுப்பின் பொருட்டு அங்கே பல நாட்கள் தடுத்து வைத்து, மருத்துவச் சோதனை செய்த பின்னரே கப்பலுக்கு அனுப்பினர். 1914 ஆம் ஆண்டில் பழைய பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவையும் தொடங்கிய பின்னர், இதுவே எம்மவர் வந்த பெருவழியாயிற்று. 1964 ஒக்டோபர் 30 ஆம் நாள் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வகை செய்தபோது, அவ்வாறு அனுப்பப்பெற்றோரும் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, இந்த மண்டபத்துக்கே வந்து சேர்ந்தனர். எமது பெரியம்மாவும் அவர்களுள் ஒருவர். கணவரோடும் இரு குழந்தைகளோடும் சென்று, நீலகிரித் தேயிலைத் தோட்டமொன்றில் வாழ்ந்து, அங்கேயே மறைந்தார். இன்றோ அம்முகாமில் போரினால் இடம்பெயர்ந்து சென்ற இலங்கைத் தமிழர் வாழ்கின்றனர்.

2025 ஏப்ரில் 6 ஆம் நாள் திறக்கப்பெற்ற புதிய பாம்பன் பாலத்தின்மீது எமது வண்டி சென்றது. இரு கைகளைப் போல் மேல்நோக்கி விரிந்து கப்பலுக்கு வழிவிட்ட பழைய பாலம் பக்கத்திலேயே ஓய்ந்து நின்றது. புதிய பாலத்திலோ நடுப்பகுதி முழுவதும் நேரே மேலெழும்பி வழிவிடும். உயர்தர வகுப்பில் கணிதம் பயிலும் எம் மகன் அதன் பொறியியலைத் தங்கைக்கு விளக்கிக்கொண்டு வந்தான்.

மறுநாட் காலை பள்ளிவாசல் தெருவுக்குச் சென்றோம். இராமநாத சுவாமி கோயிலிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் அத்தெருவை அடையலாம். வீடு நாம் எண்ணிச் சென்ற அளவுக்குச் சிறியதன்று. சுண்ணாம்பும் செங்கல்லும் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிற் கட்டப்பட்ட பரம்பரை இல்லம் அது என்று கலாம் அவர்களே தம் சுயசரிதையாகிய 'அக்னிச் சிறகுக'ளில் எழுதியிருக்கிறார். அவ்வீட்டின் மாடியிலேதான் அவர் வாழ்வைக் காட்டும் காட்சிக்கூடம் அமைந்துள்ளது. ஒளிப்படங்கள், விருதுகள், நூல்கள், ஏவுகலங்களின் உருவங்கள் எனச் சுவரெங்கும் ஒரு வாழ்க்கை விரிகிறது.

1931 ஒக்டோபர் 15 ஆம் நாள் பிறந்த அச்சிறுவர் உள்ளூர்த் தொடக்கப் பள்ளியிலும், பின்னர் இராமநாதபுரம் சுவார்ட்ஸ் உயர்நிலைப் பள்ளியிலும், திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியிலும், சென்னைத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் பயின்றார். அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி. 3 ஏவுகலம் 1980 ஜூலை 18 ஆம் நாள் ரோகிணி துணைக்கோளை விண்ணிற் செலுத்தியது. 1997 இல் பாரத ரத்னா விருது, 2002 இல் குடியரசுத் தலைவர் பதவி. மாணவர் யாவரும் அறிந்த செய்திகள் இவை. எம் மக்கள் ஒவ்வொரு படத்தின் முன்னும் நின்று ஆண்டுகளைக் குறித்துக்கொண்டனர்.

அன்னையாருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத்தான் வரும். ஆனால் அட்டனில் இருந்தபோதே, இரவு வேளைகளில் பேத்தி அந்தச் சுயசரிதையைப் படிக்க, அவர் முழுவதும் கேட்டிருந்தார். கூடத்தை ஒருமுறை சுற்றி வந்த பின், பேத்தியின் கையைப் பற்றி, "அந்த அக்கா வளையலை அடகு வச்சாங்களே, அது எங்க இருக்கு?" என்று கேட்டார். "அது இங்க இல்ல, அப்பாயி" என்றாள் சிறுமி.

அன்னையார் கேட்ட வளையலின் வரலாறு இது. சென்னையில் வானூர்திப் பொறியியல் பயில இடம் கிடைத்தபோது, சேர்க்கைக்கு ஏறக்குறைய 1,000 ரூபாய் வேண்டியிருந்தது. தந்தையாரால் இயலாத தொகை அது. அப்பொழுது தமக்கையார் சோகரா, தம் தங்க வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். தாம் ஈட்டிய பணத்தைக் கொண்டே அவற்றை மீட்பது என்று தம்பி உறுதி பூண்டார். அடகுக் கடைக்குப் போன நகை கண்ணாடிப் பேழைக்குள் வருவதில்லை. ஆயினும் அதனைப் போன்ற எத்தனை பொருள்கள் அவ்வீட்டில் நம் கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்திருக்கின்றன!

அவர் தந்தையார் ஜைனுலாப்தீன், இராமேசுவரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு யாத்திரிகரை ஏற்றிச் செல்ல மரப்படகு ஒன்றைக் கட்டியவர். அதனை ஒரு புயல் கொண்டு போயிற்று. அந்நிலையிலும் தாயார் ஆசியம்மாள், வீட்டினரின் தொகையைவிட மிகுதியான வெளியாருக்கு நாள்தோறும் உணவளித்தார். கோயிற் குருக்களாகிய இலட்சுமண சாஸ்திரியாரும் தந்தையாரும் நெருங்கிய நண்பர்கள். சீதா கல்யாண விழாவின்போது, தீர்த்தத்தின் நடுவே தெய்வத் திருமேனிகளைக் கொண்டு செல்லப் படகு அமைத்துக் கொடுத்தது இந்த இசுலாமியக் குடும்பமே. சோகராவின் கணவர் ஜலாலுதீன், அத்தீவில் அக்காலத்தில் ஆங்கிலம் எழுதத் தெரிந்த ஒரே மனிதர். வேண்டியவர்க்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்த அவரே, சிறுவருக்கு வெளியுலகைக் காட்டினார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது புளியங்கொட்டைக்குக் கிராக்கி ஏற்பட்டது. சிறுவர் கலாம் அதனைப் பொறுக்கி விற்று நாளுக்கு ஓரணா சம்பாதித்தார். புகைவண்டி இராமேசுவரத்தில் நில்லாமற் சென்ற அந்நாட்களில், ஓடும் வண்டியிலிருந்து எறியப்பட்ட செய்தித்தாட் கட்டுகளைப் பொறுக்குவதற்கு, உறவினர் சம்சுதீன் அவரைத் துணையாகக் கொண்டார். அவர் பெற்ற முதற் சம்பளம் அதுவே. கட்டுகள் விழுந்த அந்தத் தண்டவாளம், எம் பாட்டனாரைச் சுமந்து சென்ற தண்டவாளமே.

ஆக, அவ்வில்லம் எமக்குக் காட்டியது ஒரு மனிதர் எவ்வளவு உயரம் ஏறினார் என்பதை மட்டுமன்று. அவர் யார் யார் தோள்மீது ஏறினார் என்பதையுங்கூட. பிறந்த வீட்டைக் காப்பதன் பயன் இதுவே என்று தோன்றிற்று. பதவியும் பட்டமும் தலைநகரத்தில் கிடைப்பவை. அவற்றுக்குரிய கடன் பிறந்த வீட்டிலேதான் எழுதப்பட்டிருக்கிறது.

அன்னையார் அவ்வளையலைத் தேடியதற்குக் காரணம் உண்டு. நாம் உயர்தரப் பரீட்சையிற் சித்தியடைந்து மேற்படிப்புக்குச் சென்றபோது, கொழுந்து பறித்துச் சேர்த்த காசிற் செய்த தம் தோட்டைக் கழற்றிக் கொடுத்தவர் அவர். வட்டி ஏறி அத்தோடு மூழ்கிப் போயிற்று. அதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதில்லை. இராமேசுவரத்தில், பேரப்பிள்ளைகள் கேட்க, முதன்முறையாகப் பேசினார். அத்தோடு, பெரியம்மா கப்பலேறிச் செல்லுமுன் தமக்கென வைத்திருந்த தையல் இயந்திரத்தை விற்று, அப்பணத்தில் எமக்குப் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்ததையுஞ் சொன்னார். அச்செய்தி எமக்கே புதிது.

அன்று மாலை, கலாம் அவர்கள் 2015 ஜூலை 30 ஆம் நாள் நல்லடக்கம் செய்யப்பெற்ற பேக்கரும்பு நினைவிடத்துக்குச் சென்றோம். ஷில்லாங் நகரில் மாணவர் முன் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே, அதே மாதம் 27 ஆம் நாள், அவர் உயிர் பிரிந்தது. இரண்டாண்டு கழித்து அதே தேதியில் திறக்கப்பெற்றது அந்நினைவிடம். குவிமாடமும் தோரண வாயிலும் உடைய பெரிய கட்டடம். அங்கே திரள் திரளாக மாணவர் வந்து செல்வது கண்கொள்ளாக் காட்சி. பின்னர் தனுஷ்கோடிக்குச் சென்றோம். 1964 டிசம்பர் 22 ஆம் நாள் நள்ளிரவை அடுத்து வீசிய புயல், பயணிகளோடு ஒரு புகைவண்டியையே விழுங்கிய இடம் அது. இடிந்த தேவாலயமும் சில சுவர்களுமே எஞ்சியுள்ளன. எம் பாட்டனார் கப்பலேறிய துறை அங்கே இல்லை. மணலில் நின்று கிழக்கே நோக்கினோம். கடல் மட்டுமே தெரிந்தது.

நிற்க. ஊர் திரும்பிய பின் எம்மை விடாது தொடரும் எண்ணத்தை வாசகர் முன் வைக்க விரும்புகிறோம். ஒரு குடியரசுத் தலைவரின் வீடு காக்கப்படுகிறது. எங்கள் வீடுகளை யார் காப்பார்? கண்டி அந்தானையில் பழைய தொழிற்சாலையொன்று தேயிலை நூதனசாலையாக விளங்குகிறது. கொழுந்தை அரைத்த இயந்திரங்களையும், 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் பொருள்களையும் அங்கே காணலாம். கொழுந்தைப் பறித்த கைகளைப் பற்றி அறிய வேண்டுமாயின், புசல்லாவைப் பகுதியில் ஓல்ட் பீகொக் தோட்டத்துக்குச் செல்ல வேண்டும். அங்கே பழைய லயத்திலேயே 2007 இல் தொழிலாளர் நூதனசாலை ஒன்று தொடங்கப்பெற்றது. 2023 இல், எம்மவர் வருகையின் இருநூறாண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த பாதையிற் பலர் கால்நடையாகச் சென்றனர். இவையெல்லாம் போற்றத்தக்க முயற்சிகள். ஆனால் நூதனசாலை எதுவும், ஒவ்வோர் அப்பாயியின் நெஞ்சிலும் கிடப்பதைத் தானாக எடுத்து வைத்துவிடாது.

எமது லயங்கள் பழுதடைந்து வருகின்றன. பல இடங்களில் அவற்றை இடித்துத் தனி வீடுகள் கட்டப்படுகின்றன. அது வேண்டிய மாற்றமே. பத்தடி அறையில் மூன்று தலைமுறை நெருங்கி வாழ்ந்ததை நினைவுச் சின்னமாக்கி, அதிலேயே மக்களை இருத்தி வைக்க எவரும் எண்ணார். ஆனால் சுவர் இடியும்போது கதையும் சேர்ந்து இடிந்துவிடக் கூடாது. 1948 இல் குடியுரிமை இழந்து, 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அதனை முழுமையாக மீளப் பெற்ற ஒரு மக்கட் கூட்டத்துக்கு, பழைய கடவுச்சீட்டும், பிறப்புப் பதிவும், தோட்டத்துச் செக்ரோல் துண்டும் வெறுங் காகிதங்கள் அல்ல.

மலையக மாணவ மாணவியரே! வரும் விடுமுறையில் இராமேசுவரம் செல்ல எல்லார்க்கும் இயலாது. இயலும் ஒன்றைக் கூறுகிறோம். ஓர் அப்பியாசக் கொப்பியை எடுத்துக்கொண்டு உங்கள் அப்பாயியிடமோ அம்மாயியிடமோ அமருங்கள். நம் குடும்பம் புறப்பட்ட கிராமம் எது? எந்த வழியாக வந்தது? ஒப்பந்தத்தில் பிரிந்து சென்ற உறவினர் எவர்? வீட்டில் முதன்முதற் படித்தவரின் படிப்புக்காக எவருடைய தோடு அடகுக் கடைக்குச் சென்றது? இந்நான்கு வினாக்களையுங் கேட்டு, அவர்கள் கூறும் பெயர்களைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். எம் மகள் தன் கொப்பியின் முதற் பக்கத்தில், தையல் இயந்திரம் விற்ற பெரியம்மாவின் பெயரை எழுதியிருக்கிறாள்.