சொக்கியின் மணல் டப்பு

எங்கள் வீட்டுப் பூனை சொக்கி வெயில் காலமெல்லாம் கொல்லைக்குப் போய் மண்ணைப் பறித்து, காரியம் முடித்து, மூடிவிட்டு வந்துவிடும். ஐப்பசி மழையில்தான் வந்தது வினை. பாகூர் ஏரி நிரம்பி, கழனியும் கொல்லையும் ஒரே தண்ணீராய் நின்றபோது அது எங்கே போகும்? நெல் மூட்டைச் சந்திலே போக ஆரம்பித்துவிட்டது! பழைய பிளாஸ்டிக் டப்பு ஒன்றில் மணல் நிரப்பிப் பின்கட்டில் வைத்தேன். இரண்டே நாளில் பழகிக்கொண்டது.

எட்டு நாளைக்கு ஒரு தரம் மணலை மாற்றுவேன். நடுவிலே வாடை வந்தால் பினாயில் தெளிப்பேன். சுத்தமாகத்தான் வைத்திருக்கிறோம் என்று எனக்குப் பெருமை வேறு.

அந்தச் சமயம் என் மூத்த பெண் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். எனக்கோ முழங்கால் வலி. “நீ விடும்மா, நான் பாத்துக்கிறேன்” என்று டப்பை அவளே எடுத்துக்கொண்டாள். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

ஒரு நாள் வீட்டுக்கு வந்த நர்சம்மா அவள் கையில் கரண்டியைப் பார்த்துவிட்டார். “ஏங்க அக்கா, மாசமா இருக்கிற பொண்ணையா இதைச் செய்ய விடறீங்க?” என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

டாக்ஸோபிளாஸ்மா என்று ஒரு கிருமியாம். 1908-லேயே கண்டுபிடித்தது. எலியோ பச்சை இறைச்சியோ தின்னும் பூனைக்கு அது தொற்றி, சில வாரம் மலத்தில் வெளியேறும். கர்ப்பிணிக்கு முதல் முறையாகத் தொற்றினால், வயிற்றுக் குழந்தையின் கண்ணையும் மூளையையும் பாதிக்கலாம். புதிய மலத்தில் அது உடனே தொற்றாது. வீரியம் பெற ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். அப்படியானால் என் எட்டு நாள் கணக்கு எப்பேர்ப்பட்ட தப்பு!

ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. நல்ல காலம், கிருமி தொற்றிய அடையாளமே இல்லை. “தொற்றாததால் எதிர்ப்புச் சக்தியும் இல்லை, இனிமேல்தான் கவனம் வேணும்” என்று சொல்லி அனுப்பினார் டாக்டர்.

அன்றிலிருந்து டப்பு என் பொறுப்பு. தினமும் காலையில் கையுறை போட்டு, மலத்தையும் ஈரக் கட்டியையும் அள்ளிவிடுவேன். கிணற்றுக்கும் கீரைப் பாத்திக்கும் எட்டத்தில், மேட்டில் ஆழமாகக் குழி தோண்டிப் புதைப்பேன். வாரம் ஒரு முறை மணல் முழுவதையும் கொட்டிவிட்டு, டப்பைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கும் நீரை ஊற்றி, வெயிலில் காயவைப்பேன். பிறகு இரண்டு அங்குல உயரத்துக்குப் புது மணல். பினாயிலை அடியோடு நிறுத்திவிட்டேன். அது பூனைக்கு விஷம். காலில் பட்டதை நக்கிவிடும். கடைசியில் சோப்புப் போட்டுக் கை கழுவல். பாத்தியையும் பூனைகள் பறிக்குமே, அதனால் கீரையைப் பல தண்ணீரில் அலசுகிறேன்.

பூனையை விரட்ட வேண்டியதில்லை, சகோதரிகளே. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் டப்பு வேலையை வேறொருவர் செய்யட்டும், அதையும் நாள் தவறாமல் செய்யட்டும். அவ்வளவுதான்.

இப்போது பேரன் தவழ்கிறான். சொக்கியின் வாலைப் பிடிக்கத் துரத்துகிறான். டப்பு மட்டும் அவனுக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது.